மலைமேல் மாநாடு: உள்ளூர்ப் பத்திரிகை நடத்துபவர்களின் ஆண்டுக் கூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களின் ஆண்டு மாநாட்டை நடத்த நினைப்பவர்களும், அதற்கு வர நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மாறும் இடங்களைச் சொல்லியிருக்கிறோம்.

உள்ளூர்ப் பத்திரிகை என்றால் எது? யாரை அழைப்பது?

ஒரு ஊரை, ஒரு தாலுகாவை, ஒரு பேட்டையை, அல்லது ஒரு தொழிலை மட்டும் நம்பி வரும் தாள். சென்னையில் மயிலாப்பூர் டைம்ஸ் போல வீட்டு வாசலில் இலவசமாகப் போடப்படும் வார இதழும் இதில் சேரும். கூடலூர் வட்டத்துக்கு மட்டும் சந்தாவில் போகும் மாதமிருமுறை இதழும் சேரும். சிறு தேயிலை விவசாயிகளுக்கான மாத இதழும் சேரும்.

மத்திய அரசின் விளம்பரக் கொள்கைப்படி 25,000 பிரதி வரை விற்பவை எல்லாம் ‘சிறு’ பத்திரிகை. 1,500 பிரதிக்காரரும் 24,000 பிரதிக்காரரும் அங்கே ஒரே தட்டு. மாநாட்டில் அந்தக் கணக்கு உதவாது. ஒருவருக்குக் கவலை அச்சு எந்திரம்; இன்னொருவருக்குக் கவலை அடுத்த இதழுக்கான காகிதக் காசு. 5,000 பிரதிக்குக் கீழ், மேல் என்று இரண்டு மேசையாகப் பிரித்துவிடுங்கள். பொது அமர்வுகளில் எல்லோரும் சேர்ந்து உட்காரலாம்.

எந்த மாதம் வைப்பது?

பிப்ரவரி, அல்லது மார்ச் முதல் பாதி. காரணம் எளிது; மற்ற மாதங்களை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சீசன்: அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை இரட்டிப்பு, சாலையில் வண்டி நகராது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத் தாக்கும். 2009 நவம்பர் நிலச்சரிவை நீலகிரியில் யாரும் மறக்கவில்லை. டிசம்பர் கடைசி வாரம் முதல் பொங்கல் வரை மறுபடி கூட்டம், கூடவே உறைபனி. செப்டம்பர் ஒரு மாற்று வழி. ஆனால் மழை எப்போது விடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பிப்ரவரியில் இன்னொரு வசதியும் உண்டு. மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. ஆண்டு அறிக்கைக்கும் ஆடிட்டர் சான்றுக்கும் என்னென்ன வேண்டும் என்று அதற்கு முன்பே தெரிந்துகொண்டு போகலாம்.

வார இறுதியிலா, வார நாளிலா?

திங்கள், செவ்வாய். சனி, ஞாயிறு அறை வாடகை ஏறும். குன்னூர் தேயிலை ஏலம் வியாழன், வெள்ளியில் நடப்பதால், அந்த விலையை அச்சேற்றும் இதழ்களுக்கு வாரக் கடைசியில் தலை நிமிர நேரமிருக்காது. வெள்ளிக்கிழமை வரும் வார இதழுக்குப் புதன் இரவே பக்கம் முடிய வேண்டும். திங்கள் காலை 10 மணிக்குத் தொடங்கி செவ்வாய் மதியம் 2 மணிக்கு முடித்தால், அன்று மாலையே எல்லோரும் மலை இறங்கிவிடலாம்.

ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா?

ஊட்டியில் அறைகளும் அரங்குகளும் அதிகம், ஆனால் 2,240 மீட்டர் உயரம். பிப்ரவரி இரவில் சமவெளிக்காரர்கள் நடுங்குவார்கள். குன்னூர் சற்று இதமானது, ரயிலடியும் பக்கம். நூறு பேருக்குள் என்றால் எங்கள் தேர்வு கோத்தகிரி: மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான், வாகன நெரிசலும் குறைவு. கூடலூர்க்காரர்கள் மட்டும் முனகுவார்கள். அவர்களுக்கு ஊட்டியைத் தாண்டி இன்னும் 30 கிலோமீட்டர் வர வேண்டியிருக்கும். அவர்களுக்கு முதல் நாள் இரவே அறை கொடுத்துவிட்டால் அந்த முனகல் அடங்கும்.

கொடைக்கானலில் வைத்தால் அருகிலுள்ள ரயில் நிலையம் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து 80 கிலோமீட்டர் மலைப்பாதை. முதல் நாள் காலை அமர்வை 11.30-க்குத் தள்ளிவிடுங்கள்.

மலை ரயிலில் வரலாமா?

ஆசைக்கு வரலாம், மாநாட்டுக்கு வரக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் ரயில் 46 கிலோமீட்டரைக் கடந்து ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். தொடக்க அமர்வு முடிந்திருக்கும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலை மேட்டுப்பாளையம் இறங்கி, பேருந்திலோ மாநாட்டு வேனிலோ ஏறிவிடுங்கள். ஒரு வேனுக்குப் பன்னிரண்டு பேர் என்று கணக்குப் போட்டு, ஓட்டுநரின் எண்ணை முந்தின நாள் இரவே அனுப்பிவிட வேண்டும். காலையில் தேடினால் மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

வளைவுகளில் வாந்தி வரும் என்பவர்கள் முன் இருக்கையில், வெறும் வயிறாகவும் இல்லாமல் நிறைந்த வயிறாகவும் இல்லாமல் உட்காரட்டும். ரெண்டு இட்லி போதும்.

சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் வேண்டுமா? வண்டியில் ‘பிரஸ்’ ஒட்டியிருக்கிறதே?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. இணையதளத்தில் வண்டி எண், வரும் தேதி, திரும்பும் தேதி, ஆட்கள் எண்ணிக்கை, தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் கியூஆர் குறியீடு வரும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இது தேவையில்லை. ‘பிரஸ்’ ஸ்டிக்கர் எந்தச் சோதனைச் சாவடியிலும் பாஸ் ஆகாது. அதை வைத்து வாதாடுவதும் நம் தொழிலுக்கு அழகில்லை.

பாஸ் எடுக்கும்போது தங்குமிடத்தின் பெயரும் முகவரியும் கேட்கப்படும். ஏற்பாட்டாளர்கள் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பிழையில்லாமல் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால், நாற்பது தொலைபேசி அழைப்புகள் மிச்சம்.

மைசூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மாலை 7 மணிக்குள் பந்திப்பூர்ச் சாவடியைத் தாண்டும்படி கிளம்புங்கள்.

பிளாஸ்டிக் தடை மாநாட்டை எப்படிப் பாதிக்கும்?

நினைப்பதைவிட அதிகமாக. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை உண்டு. பர்லியாறு, குஞ்சப்பனைச் சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். மாட்டுவது தண்ணீர் பாட்டில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் சிக்குபவை வேறு: பொன்னாடை வரும் பாலித்தீன் உறை, அடையாள அட்டைப் பை, பிளாஸ்டிக் ஃபைல், பூங்கொத்தைச் சுற்றிய தாள், பிரியாணிக் கடையின் சாம்பார்ப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபிளெக்ஸ் பேனர்.

பேனரைக் காடாத் துணியில் எழுதச் சொல்லுங்கள். அடையாள அட்டையை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற அளவு) அட்டையில் அச்சிட்டு, ஓட்டை போட்டு, நூல் கட்டினால் போதும். குறிப்பேட்டுக்கு உங்கள் அச்சகத்தில் மிஞ்சிய ரீல் முனைக் காகிதத்தை வெட்டித் தைத்துக்கொள்ளலாம். பத்திரிகைக்காரர் மாநாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான நோட்டு கிடையாது. தண்ணீருக்கு எவர்சில்வர் டிரம், எவர்சில்வர் டம்ளர். வருகிறவர்களை ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.

கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

நிலையான செலவு, தலைக்கு ஆகும் செலவு இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பலர் இரண்டையும் கூட்டி, பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். நூறு பேர் பெயர் கொடுத்தால் நூறு பேரும் வரமாட்டார்கள். யாருக்கோ எந்திரம் நின்றிருக்கும், யாருக்கோ வீட்டில் விசேஷம்.

ஓர் உதாரணம். அரங்கு, ஒலிபெருக்கி, புரொஜெக்டர், ஜெனரேட்டர், அச்சு எல்லாம் சேர்ந்து 90,000 ரூபாய். இரண்டு நாள் சாப்பாடும் தேநீரும் தலைக்கு 1,100. நூறு பேரை எதிர்பார்த்தாலும் எழுபது பேருக்கு வகுங்கள்: 90,000-ஐ 70-ஆல் வகுத்தால் 1,286. அதோடு 1,100 சேர்த்தால் 2,386. கட்டணம் 2,400. அறை வாடகையை இதில் சேர்க்காதீர்கள். அதை அவரவர் நேரடியாகக் கொடுக்கட்டும். எழுபதுக்கு மேல் வரும் ஒவ்வொருவர் மூலமும் சேரும் உபரி, அடுத்த ஆண்டின் அரங்கு முன்பணம்.

ஸ்பான்சர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் யாரிடம் என்பதைப் பார்த்து. நீலகிரியில் ஒரு மாநாட்டுக்கு விருந்து கொடுக்க முன்வரும் கைகள் பெரும்பாலும் ரிசார்ட், ரியல் எஸ்டேட், தேயிலைத் தொழிற்சாலை. சீகூர் யானை வழித்தட அறிவிப்பை 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சி இன்னும் உள்ளூர்ச் செய்திதான். கூடலூர் ஜென்ம நிலப் பிரச்சினை, அதாவது பழைய ஜென்ம நிலங்கள் யாருக்கு என்ற வழக்கு, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி இன்றும் ஓடுகிறது. பச்சைத் தேயிலை விலையோ ஒவ்வொரு மாதமும் தலைப்புச் செய்தி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் சம்பந்தப்பட்ட ஒருவரின் பணத்தில் இரவு விருந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை ‘நம்பகத்தன்மை’ என்று அமர்வு நடத்தினால் எதிரே இருப்பவர் சிரிப்பார்.

காகித வியாபாரி, அச்சுப் பிளேட் தயாரிப்பவர், மென்பொருள் விற்பவர், வங்கி இவர்களிடம் கண்காட்சி மேசைக்கு வாடகை வாங்குவது சுத்தம். வாங்கிய தொகையை அரங்கு வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் கட்டாயம் இருக்க வேண்டியது எது?

ஒன்றே ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் கணக்கு மேசையை வையுங்கள். சிறப்புரைகளை எங்கு வேண்டுமானாலும் கேட்கலாம். பக்கத்து மாவட்டப் பத்திரிகைக்காரர் ஒரு பிரதிக்கு எவ்வளவு செலவழிக்கிறார் என்பதை வேறெங்கும் கேட்க முடியாது. போட்டிக்காரரிடம் யாரும் சொல்லமாட்டார்கள். கும்பகோணத்துக்காரருக்குக் கோத்தகிரிக்காரர் போட்டியில்லை என்பதால் இங்கே சொல்வார்கள்.

நடத்தும் விதம் இது. பதிவின்போதே ஒரு பக்கப் படிவம் அனுப்புங்கள். அதில் ஏழு எண்கள் மட்டும்: அச்சிடும் பிரதி, காசு கொடுத்து வாங்கப்படும் பிரதி, திரும்பி வரும் பிரதி, ஓர் இதழின் மொத்தச் செலவு, அதில் காகிதத்தின் பங்கு, ஓர் இதழின் விளம்பர வருமானம், விளம்பரப் பணம் கைக்கு வர ஆகும் நாட்கள். பெயர் வேண்டாம். மூடிய உறையில், உறைமேல் ஒரு ரகசியச் சொல்லை மட்டும் எழுதச் சொல்லி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் ஏற்றி, முதல் நாள் மதியம் திரையில் காட்டுங்கள். தன் எண் எது என்று அவரவருக்கு மட்டும் தெரியும்.

கெட்டுப்போகும் இடம் இரண்டு. ஒன்று, அச்சிடும் பிரதியை அரசுக்குச் சொல்லும் கணக்கில் எழுதுவது. அச்சகப் பில்லில் உள்ள எண்ணைத்தான் எழுத வேண்டும் என்று படிவத்தின் தலையிலேயே போடுங்கள். இரண்டு, வீட்டு ஆட்களின் உழைப்புக்குச் செலவு போடாமல் விடுவது. மனைவி பக்கம் வடிவமைக்கிறார், மகன் பிரதி போடுகிறான் என்றால், வெளியாளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். அதைச் சேர்த்தவுடன் லாபத்தில் ஓடுவதாக நினைத்த பல பத்திரிகைகள் நஷ்டத்தில் நிற்பது தெரியும்.

விளம்பரக் கட்டணம் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டேப்ளாய்டு பக்கத்தில் அச்சாகும் பரப்பு 25-க்கு 37 சென்டிமீட்டர் என்றால் 925 சதுர சென்டிமீட்டர். எட்டுப் பக்கத்துக்கு 7,400. நாற்பது சதவீதம் விளம்பரம் என்றால் 2,960. ஓர் இதழுக்கு 30,000 ரூபாய் செலவானால், சதுர சென்டிமீட்டருக்கு 10 ரூபாய் 14 காசு வந்தால்தான் கை கடிக்காது. நாலில் ஒரு பில் வசூலாகாது என்றால் சுமார் 13 ரூபாய் 50 காசு. இலவச இதழுக்கு இதுதான் முழுக் கணக்கு. விற்கும் இதழ்காரர் செலவிலிருந்து விற்பனை வருமானத்தைக் கழித்துக்கொள்ளலாம். முகவர் கமிஷன் இதற்கு மேல்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கும்போது, ‘பக்கத்துப் பத்திரிகை 8 ரூபாய்க்குத் தருகிறது’ என்று தானும் 8-க்கு இறங்கியவர்கள் எவ்வளவு காலமாகக் கைக்காசைப் போட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஜிஎஸ்டியில் என்ன குழப்பம்?

பத்திரிகை விற்பனைக்கு வரி இல்லை. அச்சுப் பத்திரிகையில் விளம்பர இடம் விற்பதற்கு 5 சதவீதம். அதே விளம்பரத்தை உங்கள் இணையதளத்தில் போட்டால் 18 சதவீதம். இரண்டையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்று ஒரே தொகையில் பில் போடுவதில்தான் சிக்கல் வருகிறது. தனித்தனி வரியாகப் போடுங்கள். 20 லட்சம் ரூபாய் வரம்பைக் கணக்கிடும்போது வரி இல்லாத பத்திரிகை விற்பனையும் மொத்த விற்றுமுதலில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அச்சு, காகிதம் பற்றிய அமர்வில் என்ன பேசுவது?

முதலில் எடை. 29-க்கு 42 சென்டிமீட்டர் டேப்ளாய்டு, எட்டுப் பக்கம் என்றால் நான்கு இலை. பரப்பு சுமார் 0.49 சதுர மீட்டர். 45 ஜிஎஸ்எம் நியூஸ்பிரிண்டில் (பத்திரிகைக் காகிதத்தில்) ஒரு பிரதி 22 கிராம். 2,000 பிரதிக்கு 44 கிலோ. அச்சகம் 60 கிலோவுக்குப் பில் போட்டால் ஏன் என்று கேட்க இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பதிலும் இருக்கலாம்: காகித உருளையில் ஓடும் வெப் ஆஃப்செட் எந்திரத்தில் நிறம் ஒன்றோடொன்று பொருந்துவதற்குள் 200, 300 பிரதி வீணாகும். 20,000 பிரதி ஓட்டத்தில் அது தெரியாது. 2,000 ஓட்டத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டும். பிளேட் எண்ணிக்கையும் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு பிளேட்டில் இரண்டு பக்கம், வண்ணத்துக்கு நிறத்துக்கொன்றாக நான்கு பிளேட் என்பதால், பெரும்பாலான எந்திரங்களில் கறுப்பு வெள்ளைக்கு 4, எல்லாப் பக்கமும் வண்ணம் என்றால் 16. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் வரும் ஒரே பிளேட்டை மட்டும் வண்ணமாக்கினால் 7-ல் முடியும்.

மலையில் ஷீட்ஃபெட் எந்திரம் (தாள் தாளாக அச்சிடுவது) வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை ஈரம். கோவையிலிருந்து வந்த காகிதக் கட்டை உடனே பிரித்தால், காகிதத்தின் ஓரம் ஈரத்தை உறிஞ்சி அலையலையாக நெளியும். பிறகு நான்காவது நிறம் எங்கே விழும் என்று எந்திரத்துக்கே தெரியாது. உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அச்சு அறையிலேயே வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். மையும் மெதுவாகத்தான் காயும். அடுக்கை உயரமாக ஏற்றினால் முன்பக்க மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். சிறு சிறு அடுக்காகப் பிரித்து வையுங்கள்.

ஒரு காலத்தில் ஊட்டியிலேயே புகைப்படச் சுருள் தயாரானது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ சுருள் அது. இன்று காகிதம், மை, பிளேட் எல்லாமே மலையேறி வர வேண்டும். ஆகவே கூட்டுக் கொள்முதல் பற்றிப் பேச அரை மணி ஒதுக்குங்கள்.

தமிழ் எழுத்துரு அமர்வு இன்னும் தேவையா?

மிகவும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியையும் (யூனிகோட்) தமிழ் அனைத்து எழுத்து 16 பிட் முறையையும் கணினித் தமிழுக்கான பொதுக் குறியீடுகளாக ஏற்றுவிட்டது. ஆனால் நிருபர் பழைய பாமினி எழுத்துருவில் தட்டுகிறார், வாசகர் கைப்பேசியில் ஒருங்குறியில் அனுப்புகிறார், அச்சகம் வானவில் எழுத்துருவில் கேட்கிறது. மாற்றும்போது ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ பிளந்துபோகும். கிரந்த எழுத்துகளும் எண்களும் காணாமல் போகும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஒருங்குறித் தமிழ் கொம்பு இடம்மாறி வந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். மடிக்கணினியுடன் ஒருவர் உட்கார்ந்து அவரவர் கோப்பை அங்கேயே சரிசெய்து தரட்டும். உரை வேண்டாம்.

‘பக்கம் பார்த்தல்’ அமர்வுக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

அடுத்தடுத்து வந்த மூன்று இதழ்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி. சிறந்த மூன்றைப் பொறுக்கி வராதீர்கள். ஒரு பத்திரிகைக்கு 20 நிமிடம். வேறு ஊர்க்காரர் இருவர் சிவப்புப் பேனாவால் குறிப்பார்கள். ஆசிரியர் முதல் 15 நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் அமர்வு முழுக்க விளக்கமாகவே போகும்.

வழக்கமாகச் சிக்குபவை: தலைப்பில் ஊர்ப் பெயர் இல்லாதது, மேடையில் பதினான்கு பேர் நிற்கும் படம், படத்தில் இருப்பவர்களின் பெயர் வரிசை மாறியது, கூட்டம் நடந்ததைச் சொல்லிவிட்டு என்ன முடிவானது என்று சொல்லாதது. மலையில் கூடுதலாக ஒன்று உண்டு. படகர் ஊர் ஹட்டி, தோடர் ஊர் மந்து, கோத்தர் ஊர் கோக்கால். இதை மாற்றி எழுதினால் வாசகர் மீதிச் செய்தியை நம்பமாட்டார். ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றில் எதை எப்போது எழுதுவது என்பதையும் ஒரு நடைக்குறிப்பில் முடிவுசெய்துவிடுங்கள். ஒற்றைப் பத்தித் தலைப்பில் ‘உதகமண்டலம்’ உட்காராது என்பதால்தான் பலர் ‘ஊட்டி’ போடுகிறார்கள். அதில் தவறில்லை, ஒரே செய்தியில் மூன்றையும் போடுவதுதான் தவறு.

சட்ட அமர்வில் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்?

1867-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதழின் பெயருக்கும் பதிவுக்கும் இப்போது இணையத்தில் ஒரே விண்ணப்பம்; ஆட்சியர் முன்னிலையில் உறுதிமொழி கொடுக்கும் பழைய நடைமுறை இல்லை. அச்சகத்தாரும் தம் விவரத்தை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய பதிவு வைத்திருப்பவர்கள் அந்தப் பதிவுக்கான பிரஸ் சேவா இணையதளத்தில் கணக்கைத் திறந்து, உரிமையாளர், வெளியிடுபவர், அச்சகம் ஆகிய விவரங்கள் இதழில் அவற்றை அச்சிடும் இம்பிரிண்ட் வரியோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அச்சகத்தை மாற்றிவிட்டு இம்பிரிண்டை மாற்ற மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 356-வது பிரிவு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 72-வது பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் சேரும். சிறிய ஊரில் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. ‘இந்த ஹட்டியைச் சேர்ந்த, இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்’ என்று எழுதினாலே ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். நகரப் பத்திரிகைக்கு இல்லாத ஆபத்து இது. அமர்வில் பாதி நேரம் இதற்கே தகும்.

பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் போக, நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள், மற்றவை என்றால் நான்கு மாதத்துக்குள். அதற்கு முன் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். ஆகவே வாசகர் கடிதத்தைக் குப்பையில் போடாமல் தேதியிட்டுப் பதில் அனுப்புங்கள்.

போட்டி, பரிசு வைக்கலாமா?

வைக்கலாம், நான்கு பிரிவுக்கு மேல் வேண்டாம். நடுவர்கள் வேறு மாவட்டத்துக்காரர்களாக இருக்கட்டும். போட்டிக்கென்று தனியாக அழகாக அச்சிட்ட பக்கத்தை ஏற்கக் கூடாது. கடையில் விற்ற பிரதியே வர வேண்டும். எல்லோருக்கும் கேடயம் கொடுப்பது யாருக்கும் கொடுக்காததற்குச் சமம்.

தீர்மானங்கள்?

மூன்று போதும். ஒவ்வொன்றிலும் யாரிடம், எந்த உத்தரவை, எந்தத் தேதிக்குள் கேட்கிறோம் என்று இருக்க வேண்டும்.

சாப்பாடு, இரவு, குளிர்: எதைக் கவனிப்பது?

ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் வேக நேரமாகும். சமவெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டிவந்தால் மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அதோடு மாலை அமர்வும் தள்ளிப்போகும். உள்ளூர்ச் சமையல்காரரை வையுங்கள். தேநீரோடு வர்க்கி கொடுங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மடிக்கணினி மேசையில் மட்டும் அதை வைக்காதீர்கள், தூள் கீபோர்டுக்குள் போனால் எடுக்க முடியாது.

இரவு உணவை 8.30-க்குள் முடியுங்கள். குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் இரவில் காட்டெருமையும் கரடியும் நடமாடும். ‘சும்மா ஒரு நடை’ என்று இருட்டில் கிளம்புகிறவர்களைத் தடுக்க ஓர் ஆளை வாசலில் நிறுத்துங்கள்; மிஞ்சிய சாப்பாட்டை வெளியே கொட்ட விடாதீர்கள். கட்டில் ஒன்றுக்கு இரண்டு கம்பளி, காலையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்ற அறிவிப்பு, அரங்கில் ஜெனரேட்டருக்கு டீசல். இந்த மூன்றும் இருந்தால் புகார் பாதியாகக் குறையும்.

மாநாடு முடிந்த பிறகு ஏற்பாட்டாளர் செய்ய வேண்டியது?

பத்து நாளுக்குள் மூன்று தாள்கள் போக வேண்டும். கணக்கு மேசையின் அட்டவணை, வரவு செலவு, அடுத்த ஆண்டின் தேதி. தேதியை மலையிலேயே முடிவுசெய்து, அரங்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டே இறங்குங்கள். பிப்ரவரித் திங்கள், செவ்வாய் என்றால் அதே அரங்கை அதே வாடகைக்குத் தரப் பெரும்பாலான உரிமையாளர்கள் சம்மதிப்பார்கள். அட்டவணையில் தன் குறியீட்டு எண்ணை மறந்துவிட்டேன் என்று போன் செய்பவர்களுக்காக, அவர்கள் உறைமேல் எழுதிக்கொடுத்த ரகசியச் சொல்லைத் தனி நோட்டில் வைத்திருங்கள். ஒவ்வோர் ஆண்டும் நாலைந்து பேராவது கேட்பார்கள்.